வாப்பா ஓட்டிய கார்

எங்கள் வாப்பா சவுதியில் டிரைவர். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் இதை அறியாதவர்கள் கிடையாது. கடைக்குச் சீனி வாங்கப் போனால், "யாரு, டிரைவர் மவளா? ஒனக்கு என்னட்டி வேணும்?" என்று கேட்டு, பெரியவர்களுக்குக் கொடுக்கும் முன்பே எனக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வாப்பா அனுப்பிவைத்த புகைப்படங்கள் வீட்டில் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பளபளவென்று மின்னும் ஒரு காரின்மேல் கையை ஊன்றி நிற்பார். படத்துக்குப் படம் கார் மட்டும் மாறும். வாப்பா 'லாத்தா' என்று கூப்பிடும் அவருடைய அக்கா, என் மாமி, பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். புதுப்படம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவாள். "எந் தம்பி எத்தன விதமான வண்டி ஓட்டுதான் பாருங்க" என்பாள். பார்த்தவர்களும் தலையை ஆட்டுவார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் வாப்பா லீவில் வருவதாக இருந்தது. அவர் வந்து சேருவதற்குள் உம்மா ஒரு காரியம் செய்தாள். வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டாள். வீட்டில் யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, ஓட்டுகிறவர்தான் வரப்போகிறாரே.

"ஊர்க்காரன் வண்டிய ஓட்டி ஓட்டியே காலம் போகுது. நம்ம வண்டின்னு ஒண்ணு வாசல்ல நின்னா அவுகளுக்கு மனசு குளிரும்லா" என்றாள் மாமியிடம்.

திருவனந்தபுரத்திலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கிய வாப்பா, வாசலில் ஜரிகைத் தாள் ஒட்டி நின்ற சிவப்புக் காரைப் பார்த்து, "இது யாரு வண்டி?" என்று கேட்டார்.

"ஒங்க வண்டிதான்" என்றாள் உம்மா. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாப்பாவின் முகம் வெளுத்துப் போயிற்று. அதைச் சந்தோஷம் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அவர் காரைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். பானெட்டை ஒரு விரலால் தடவி, விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்து, "நல்லா துடைக்கணும்" என்றார். உடனே ஒரு துணியை வாங்கி, பயணக் களைப்போடு, குளிக்காமல்கூட, காரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். என்ன துடைப்பு! வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் அதன் கதவில் தெரிந்தன.

ஆனால் ஓட்டவில்லை. மறுநாளும் ஓட்டவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் வைத்திருந்தார். "அங்க ஸ்டீரிங் இடப்பக்கம் வே, கை பழகணும்லா" என்றார் எதிர்வீட்டுக்காரரிடம். "அங்க கியரே கிடையாது, எல்லாம் தானா ஓடும்" என்றார் மாமியிடம். கியர் இல்லாமல் தானாக ஓடும் வண்டியைத் தன் தம்பி ஓட்டுகிறான் என்ற செய்தியும் அன்று மாலைக்குள் தெருமுனை வரை போய்விட்டு வந்தது.

பிறகு ஒரு நாள் திடீரென்று, "ஆத்தங்கரையில பொறந்துட்டு பிள்ளைக்கு நீச்சல் தெரியல, இது என்ன கூத்து? நாளையிலேருந்து நான் கூட்டிட்டுப் போயி பழக்குதேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் துண்டையும் மாற்றுச் சட்டையையும் எடுத்துக்கொண்டு இருவரும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். பஸ் ஆறு இருக்கும் கருப்பந்துறைப் பக்கம் போகாமல் பாளையங்கோட்டைக்குப் போயிற்று.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய பொட்டலில் ஒரு கார் நின்றது. அதன் நெற்றியில் சிவப்பாக ஓர் ஆங்கில எழுத்து. பக்கத்தில், சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் காலில் கேன்வாஸ் ஷூவும் போட்ட ஒரு அம்மா நின்றிருந்தார். வாப்பா அவரை 'டீச்சர்' என்று கூப்பிட்டார். அந்த எழுத்து என்னவென்று கேட்டேன்.

"எல். லீவுல வந்திருக்கேன்னு அர்த்தம்" என்றார் வாப்பா.

நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். டீச்சர் வாப்பாவுக்குப் பக்கத்தில். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

"இதுக்கு முன்னால ஓட்டியிருக்கியளா அண்ணாச்சி?"

வாப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "இந்த மாதிரி வண்டி ஓட்டினதில்ல" என்றார்.

சாவியைத் திருகினார். கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து, இருமி, செத்துப்போயிற்று. மறுபடி திருகினார். மறுபடி குதித்தது. என் நெற்றி முன் சீட்டில் இடித்தது. வலிக்கவில்லை, வலியைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. வாப்பாவின் பின்கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வாப்பா, அத்தனை கார்களின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றவர், இந்தச் சின்னக் காரை ஒரு முழம் நகர்த்த முடியாமல் ஒரு பொம்பளையிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னார்: "நம்ம ஊரு சட்டம் வேறம்மா. திரும்பப் படிக்கணும். உம்மாட்ட சொல்லிராத என்ன? படிச்சு முடிச்சுட்டுச் சொல்லுவோம்." நான் நம்பினேன். எட்டு வயதில் வாப்பாவை நம்புவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் கண்டிப்பானவர். வாப்பா ஸ்டீரிங்கை நெரித்துப் பிடித்தால், "எதுக்கு அந்தப் பாடு படுத்துதிய? அது எங்கயும் ஓடிராது" என்பார். பின்னால் வருவதைப் பார்க்க மறந்தால், "கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கு, மீச பாக்கவா?" என்பார். ஒரு முறை நாய் குறுக்கே வந்து வாப்பா ஓங்கி மிதித்தபோது மட்டும் கோபப்படாமல் நிதானமாகச் சொன்னார்: "பிரேக்கு காலுல இல்ல அண்ணாச்சி, கண்ணுல இருக்கு. தூரத்துல பாத்துட்டே வந்தா பைய அமுக்குனாப் போதும். மூக்குக்கு முன்னால மட்டும் பாத்தா ஓங்கி ஓங்கித்தான் மிதிக்கணும்."

என்னையும் அவர் சும்மா உட்கார விடவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பி என் கையில் கொடுத்துவிடுவார். "பாப்பா மேல ஒரு சொட்டு சிந்தக்கூடாது. சிந்தாம ஓட்டினா அதுதான் ஓட்டு" என்பார். முதல் சில நாட்கள் என் சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்தது. வாப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. வீடு திரும்பும் வழியில் ஆற்றில் என் தலையையும் கொஞ்சம் நனைத்துவிட்டால் நீச்சல் முடிந்தது. நாளாக நாளாகச் சட்டை காயத் தொடங்கியது. "நீச்சல் போனவ சட்ட எப்படிட்டி காஞ்சிருக்கு?" என்று உம்மா கேட்டாள். "இப்ப நல்லா நீந்துதாள்லா" என்றார் வாப்பா. உம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசியாகப் பழக்கியது மேட்டில் வண்டி எடுப்பது. ஒரு பாலத்தின் ஏற்றத்தில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு டீச்சர் சொல்லிக் கொடுத்தார்: "மொதல்ல ஹேண்ட் பிரேக்கப் போடுங்க. அப்புறம் கிளட்ச பைய பாதி விடுங்க. சத்தம் மாறும், வண்டி மூக்கத் தூக்கும். அங்கன கால நிறுத்திக்கிடுங்க. லேசா ஆக்ஸிலேட்டர். அப்புறந்தான் ஹேண்ட் பிரேக்க எடுக்கணும். அவசரப்பட்டிய, பின்னால போயிருவிய." வாப்பா பின்னால் போனார். டீச்சர் தன் காலடிப் பிரேக்கை அழுத்தினார். மறுபடி, மறுபடி. எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகிவிட்டது. வாப்பாவுக்கு ஒரு தடவை வந்தால் மறுதடவை வராது.

அந்த நிலையில்தான் மாமி மணிமுத்தாறு அருவிக்குப் போக வேண்டும் என்று கிளம்பினாள். லீவு முடியப் போகிறது, தம்பி கார் வாசலில் நிற்கிறது, ஒரு நாள்கூட ஏறவில்லை என்றால் தெருவில் என்ன சொல்வார்கள்? வாப்பா வயிற்றுவலி என்றார். மாமி ஓமத்தண்ணீர் கொண்டு வந்தாள். வெயில் என்றார். அருவியில் என்ன வெயில் என்றாள். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டியாகிவிட்டது. மாமி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நான், உம்மா, உம்மாவின் மடியில் என் சின்னத் தம்பி. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்க்க, வாப்பா பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினார்.

கார் குதிக்கவில்லை. தெருவைத் தாண்டிற்று, சேரன்மகாதேவி ரோட்டில் ஏறிற்று. "இன்னுங் கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்றாள் மாமி. "பைய போகட்டும், பிள்ள தூங்குதான்" என்றாள் உம்மா. இரண்டு பக்கமும் வயல், வாய்க்கால், வாழை. கல்லிடைக்குறிச்சி தாண்டி அணைக்கட்டு தெரிந்தபோது, டம்ளர் இருந்திருந்தால்கூடச் சிந்தியிருக்காது என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அணையிலிருந்து அருவிக்குப் போகும் பாதை மலை ஏறுகிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பாதி ஏறியிருப்போம். ஒரு வளைவில் எதிரே மாஞ்சோலையிலிருந்து இறங்கும் பஸ் வந்துவிட்டது. வாப்பா பள்ளத்துப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். பஸ் எங்களை உரசாத குறையாக நகர்ந்து போயிற்று. டிரைவர் ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார்.

வாப்பா காரை எடுத்தார். அது ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. நின்றது என்றால் இன்ஜின்தான். கார் பின்னால் போக ஆரம்பித்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மாமிகூட, "என்னலே திருப்புதியா?" என்றுதான் கேட்டாள். வாப்பா சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிரேக் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. நான் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் ரோடு தெரிந்த இடத்தில் மரத்தின் உச்சிகள் தெரிந்தன. மரத்தை அப்படி மேலிருந்து நான் பார்த்ததேயில்லை. மாமி, "யா அல்லா!" என்று அலறினாள். உம்மா அலறவில்லை. ஒரு கையால் தம்பியையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்தாள். சட்டை கழுத்தை இறுக்கியது.

நான் கத்தினேன்: "வாப்பா, ஹேண்ட் பிரேக்! டீச்சர் சொன்னாவல்லா, மொதல்ல ஹேண்ட் பிரேக்!"

வாப்பாவின் கை தானாகப் போய் அதை இழுத்தது. கார் முனகிக்கொண்டு நின்றது. பின் சக்கரத்துக்கு அடியிலிருந்து கற்கள் பெயர்ந்து கீழே விழும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றபின் எங்கோ ஒரு குருவி கத்திற்று. அவ்வளவு அமைதி.

"பாறைப் பக்கமா எல்லாரும் பைய இறங்குங்க" என்றாள் உம்மா. கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் வாப்பா கால் பிரேக்கையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். அவரால் மட்டும் இறங்க முடியாது. மாமியின் கதவு பள்ளத்துப் பக்கம் என்பதால், அவள் காரை ஒட்டியபடி இறங்கிச் சுற்றி வந்தாள். உம்மா ஒரு கல்லை உருட்டி வந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். அப்போதுதான் மாமிக்கு நான் கத்தியது நினைவு வந்தது போலிருக்கிறது.

"எந்த டீச்சர்ட்டி?"

நான் சொன்னேன். பொட்டல், சிவப்பு எழுத்து, டம்ளர், எல்லாம் சொன்னேன். நம்ம ஊர்ச் சட்டம் வேறு என்பதால் திரும்பப் படிக்கிறார் என்பதையும் விளக்கினேன். மாமி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, பிள்ள என்ன சொல்லுதா?"

வாப்பா ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். காலை எடுக்க முடியாது, எழுந்து போகவும் முடியாது.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது லாத்தா."

"அப்ப அங்க என்னதாம்லே பாக்குத?"

"வண்டி கழுவுதேன்."

வாப்பா இன்னும் மெதுவாகச் சொன்னார்: "டிரைவர்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாவ. அங்க போனதும் பக்கெட்டக் கைல கொடுத்துட்டாவ. வண்டிய வெளியதான் தொடலாம். உள்ள ஒக்கார விடமாட்டாவ."

அந்தப் புகைப்படங்கள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. ஒவ்வொன்றிலும் கார் அப்படி மின்னியதற்குக் காரணம் அப்போது எனக்குத் தெரிந்தது. மாமி ரோட்டோரப் பாறையில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். வாப்பா அழுகிறாரா என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

உம்மா தம்பியைத் தூக்கி மாமியின் மடியில் வைத்தாள். என்னைப் பார்த்து, "மாமிகூட நில்லு" என்றாள். பிறகு நேராகப் போய் முன் கதவைத் திறந்தாள். அது பள்ளத்துப் பக்கக் கதவு. சேலையை ஒதுக்கிக்கொண்டு வாப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"இறங்கு புள்ள" என்றார் வாப்பா. "வேண்டாம். யாரையாவது கூப்பிடுவோம். இறங்கு."

"எடுங்க" என்றாள் உம்மா.

"எனக்கு வராது."

"இம்புட்டுத் தூரம் வந்துச்சுல்லா. டீச்சர் என்ன சொன்னாவ? அதச் செய்யுங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

நான் பாறையோடு பாறையாக ஒட்டி நின்றேன். இன்ஜினுக்கு உயிர் வந்தது. கிளட்ச் பாதி என்று என் உதடு தானாகச் சொன்னது. சத்தம் மாறியது. சிவப்புக் கார் மூக்கை லேசாகத் தூக்கியது. அங்கேயே நின்றது. வாப்பா அவசரப்படவில்லை. உம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு கைப்பிரேக் இறங்கும் 'டக்' சத்தம். கார் கல்லை விட்டு, ஒரு குலுங்கல்கூட இல்லாமல், மேலே போயிற்று.

அருவியில் யாரும் குளிக்கவில்லை. புளிச்சோற்றை உம்மா எல்லோருக்கும் பரிமாறினாள். வாப்பாவுக்கு முட்டையை உரித்துக் கொடுத்தாள். மாமி தொடவில்லை. திரும்பும்போது உம்மா முன்னால் உட்கார்ந்தாள், மாமி எங்களோடு பின்னால். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று டீச்சர் சொன்னபடி வாப்பா இறக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். அந்த லீவை நீட்டி வாப்பா லைசென்ஸ் எடுத்தார். மறுபடி சவுதிக்குப் போனார், பிறகு ஒரேயடியாகத் திரும்பி வந்து வேன் வாங்கினார். இன்றுவரை அவர் வண்டியில் தூங்காத குழந்தை கிடையாது என்பார்கள். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது மணிமுத்தாற்றுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலையை.

நான் வாப்பாவிடம் பேசாமல் இருந்தேன். அவர் கூப்பிட்டபோது திரும்பவில்லை. என்னிடம் பொய் சொன்னவர் அவர். ஒரு மிட்டாய் விஷயத்தில் பொய் சொன்னதற்காக என்னை அடித்தவள் உம்மா. அவள் இன்று அவரை என்ன செய்யப் போகிறாள் என்று காத்திருந்தேன். அப்போது எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்தாள்.

"என்ன மைனி, அருவி எப்படி? அண்ணன் எப்படி ஓட்டினாவ?"

உம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "அவுகளுக்கு வண்டி ஓட்ட யாரும் சொல்லிக் கொடுக்கணுமா? மலையில ஏறுனது இறங்குனதே தெரியல. பிள்ள தூங்கிட்டான்" என்றாள். வழக்கமாகப் பேசுவதைவிட உரக்கச் சொன்னாள்.

உம்மா பொய் சொல்கிறாள். கண் சிமிட்டாமல் சொல்கிறாள். காரும் பள்ளமும் வாப்பாவின் பக்கெட்டும்கூட என்னை இவ்வளவு உலுக்கவில்லை. அந்த அக்கா போனதும் நான் கேட்டேவிட்டேன்: "ஏன் உம்மா பொய் சொன்னிய?"

"நான் எங்கட்டி பொய் சொன்னேன்?" என்றாள் உம்மா. மறுபடி அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.

தெருவுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள்மீதும் கோபம் வந்தது. இரண்டு பேரோடும் பேசுவதில்லை என்று முடிவு செய்து மச்சுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். உம்மா அரிசி புடைத்த இடத்தை ஒட்டிய திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், பக்கத்து அறையில், வாப்பா விழித்துப் படுத்திருந்தார். அது எனக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவள் யாருக்குக் கேட்க வேண்டுமென்று அவ்வளவு உரக்கச் சொன்னாள் என்பது மட்டும் அன்று எனக்குத் தெரியவில்லை.